ஆளுக்கா பஞ்சம், நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

யாழ்ப்பாணத்து வயலுக்கும் தோட்டத்துக்கும் ஆள் கிடைக்காததற்குக் காரணம் உழைக்க மனமில்லாத இளைஞரா, கூலியிலும் காணியிலும் உள்ள ஏற்றத்தாழ்வா? ஏற்றத்தாழ்வுதான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணை, "பெடியளுக்கு இப்ப நாரி வளையாது, கையில போன், வீட்டில வெளிநாட்டுக் காசு" என்றார். நல்ல கைதட்டும் விழுந்தது. தட்டியவர்களில் காணிக்காரர் எத்தனை பேர் என்று நானும் ஒருக்கால் பார்த்துக்கொண்டேன்.

சரி, பெடியன் சோம்பேறி என்றே வைப்போம். அதே பெடியன் கடன்பட்டுப் பாரிசுக்குப் போய் நடுச்சாமம் வரை நின்று கோப்பை கழுவுகிறானே, அங்கே நாரி நோகாதா? அங்கே மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. "நீ ஆற்றை மகன்?" என்று கேட்டுவிட்டுத் தனிப் பேணியில் தேத்தண்ணி ஊற்ற ஆளில்லை. இந்த மண்ணில் தேநீர்க் கடையில் சமமாக இருந்து குடிக்கவே 1960களில் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை வாசலில் மறித்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்று வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் இன்று "கூப்பிட்டால் வாறாங்கள் இல்லை" என்று குறை சொல்கிறோம்.

எங்கள் நெல் மழையை நம்பிய நெல். மாரி மழையோடு செய்யும் காலபோகம் ஒன்றுதான். தைப்பொங்கல் முடியத் தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் வயல்கள் ஒன்றாக விளைந்து நிற்கும், எல்லாருக்கும் ஒரே கிழமையில் ஆள் வேண்டும். அரிவு வெட்டு முடிந்தால் அந்த ஆளை ஒருவரும் தேடுவதில்லை. உங்களுக்கு அவன் தேவைப்படுவது இரண்டு கிழமை, அவன் வீட்டில் உலை வைப்பது 12 மாதமும். ஆகவே அவன் மேசனுக்குக் கையாளாகப் போய்விட்டான். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். சம்பளம் பெரிதில்லை, ஆனால் மாதம் தவறாது, ஊழியர் சேமலாப நிதியும் உண்டு.

"அதுக்குத்தானே மெசின் இருக்கு" என்பீர்கள். இருக்கிறது. அறுவடை மெசின் வந்ததும் வெட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண்களை நிற்பாட்டினோம். பிறகு ஒரு வருடம் மழை பிந்திப் பெய்து, நெல் சாய்ந்து, மெசின் சேற்றில் புதையும்போது அதே பெண்களின் படலையில் போய் நிற்கிறோம். அவர்கள் அதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டது குற்றமா?

தோட்டத்துக்கு வாருங்கள். வெங்காயம் கிண்டும் நாளில் ஏழாலைப் பக்கம் போய் நின்று பாருங்கள். விடியவே லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் பெண்கள் வந்து இறங்குவார்கள். செம்மண்ணில் குந்தியிருந்து பிடுங்கி, மண் உதறி, தாளைச் சேர்த்துப் பிடி கட்டுவது அவர்கள். கட்டியதைத் தூக்கிப் பெட்டியில் அடுக்குவது ஆண்கள். பின்னேரம் காசு எண்ணும்போது ஆணின் கையில் கூடுதலாகத் தாள் விழும். கேட்டால், "அவன் பாரம் தூக்குறவனெல்லோ." பகல் முழுக்கக் குந்தியிருந்த முழங்கால் என்ன பஞ்சு மூட்டையா?

தோட்டக்காரருக்கே கட்டுப்படியாகவில்லை என்று அடுத்தவர் சொல்ல வருவார். உண்மைதான், மறுக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். சந்தைக்கு 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவுக்குக் காசு தராமல் "கழிவு" என்று வியாபாரி வெட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஐயா, இது எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி. மேலே இருப்பவர் இவரிடம் கழிக்கிறார், இவர் கீழே குந்தியிருப்பவளிடம் கழிக்கிறார். அவளுக்குக் கழிக்க ஆளில்லை, அதனால் வராமல் விடுகிறாள்.

நல்ல காலம் இருந்தபோது மட்டும் என்ன செய்தோம்? 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய நேரம் எங்கள் வெங்காயமும் மிளகாயும் பொன் விலை போயின. காணி வைத்திருந்தவர் கல்வீடு கட்டினார், உழவு மெசின் எடுத்தார். பிடுங்கிக் கொடுத்தவளுக்கு அரைப் பரப்புக் காணி எழுதியவர் யாராவது இந்தச் சபையில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவர் ஐயாவுக்கு வயலும் உண்டு, தோட்டமும் உண்டு, அவரே சொன்னார். தொகுப்புரையில் அவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். போன தை மாதம் உங்கள் வயலில் ஆணுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், பெண்ணுக்கு எவ்வளவு? அதைக் கேட்டபிறகு நடுவர் தீர்ப்பை எழுதலாம்.