பங்கு பாதி, பிடி யாரிடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு. அன்றிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டிலும், அரக்கோணம், சோளிங்கர் பக்கத்திலும் லேத், பிரஸ் போட்டுத் தொழில் செய்கிறவர்கள் மத்தியில் ஒரே பேச்சு, நமக்கு ஆர்டர் வருமா என்பதுதான். ஆர்டர் கொடுக்கிற கம்பெனி யாருடையது, அதில் யார் யார் கூட்டு, அந்தக் கூட்டு முறிந்தால் நம் ஷெட்டில் கிடக்கிற டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சு, யார் கணக்கு என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்வது நல்லது. இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

பனப்பாக்கத்தில் வெளிநாட்டுக் கூட்டாளி என்று யாரும் இல்லை. ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா 2008-ல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. ஆனால் இதே ஜாகுவார் லேண்ட் ரோவர் சீனாவில் கார் செய்யப் போனபோது செரி என்ற உள்ளூர் கம்பெனியோடு 50-க்கு 50 கூட்டு வைத்துத்தான் சாங்ஷூ நகரில் ஆலை போட முடிந்தது. வெளிநாட்டான் பாதிக்கு மேல் பங்கு வைக்கக் கூடாது என்று சீனாவில் அன்றைக்குச் சட்டம். பயணிகள் கார்களுக்கு அது நீங்கியது 2022-ல். போட்டிக் கம்பெனிகள் ஆசைப்பட்டுக் கைகோப்பதைவிட, சட்டமோ வரியோ முதலீட்டுச் சுமையோ நெருக்கி உட்கார வைப்பதுதான் அதிகம்.

செய்தித்தாளில் பங்கு விகிதம்தான் கொட்டை எழுத்தில் வரும். 51-க்கு 49, 74-க்கு 26 என்று. இதில் 26-க்கு ஒரு பொருள் உண்டு. கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். கால் பங்குக்கு மேல் கையில் இருந்தால் அதைத் தடுத்துவிடலாம். 1982-ல் சுஸுகி மாருதியில் எடுத்தது அந்த 26 சதவீதம்தான். 1987-ல் 40, 1992-ல் 50, 2002-ல் 54-க்கும் மேல். 2007-ல் அரசு முழுதாக வெளியேறியது. நடுவில் 1997-ல் நிர்வாக இயக்குநர் யார் என்பதில் அரசுக்கும் சுஸுகிக்கும் பெரிய தகராறு வந்து, மறு வருஷம்தான் சமரசம் ஆனது. இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு வைத்திருந்தால் இப்படித்தான், யாராலும் யாரையும் மீறி முடிவு எடுக்க முடியாது. ஆனால் 26 சதவீதம் மட்டும் வைத்திருந்த காலத்திலேயே காரின் டிராயிங், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் சுஸுகியுடையவை. கூட்டில் யார் கை ஓங்கியது என்று தெரிய வேண்டுமா? டிராயிங் யார் பெயரில் இருக்கிறது, இறக்குமதி உதிரியின் விலையை யார் போடுகிறார்கள், பெயர்ப்பலகை யாருடையது என்று பாருங்கள். பங்கு விகிதம் அதற்குப் பிறகுதான்.

அந்த விலை சங்கதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 50-க்கு 50 கூட்டு என்று வைத்துக்கொள்வோம். கார் இங்கே உதிரிப் பெட்டிகளாக வருகிறது. சி.கே.டி. கிட் என்பார்கள். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி ஒரு கிட்டுக்கு 10,000 ரூபாய் கூட்டி பில் போட்டால் கூட்டுக் கம்பெனியின் லாபம் காருக்கு 10,000 குறையும். வரியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்த நஷ்டத்தில் ஆளுக்கு 5,000. ஆனால் வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அங்கே 10,000 முழுதாக ஏறிவிடுகிறது. கழித்தால் அவருக்கு 5,000 லாபம், நம்மவருக்கு 5,000 நஷ்டம். வருஷத்துக்கு 20,000 கார் என்றால் 10 கோடி இடம் மாறுகிறது, பங்கு விகிதத்தில் ஒரு புள்ளிகூட அசையாமல். உறவுக் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் இறக்குமதியின் விலையைச் சோதிக்க சுங்கத்துறையில் தனிப் பிரிவே இருப்பது இதனால்தான். தொழில்நுட்பத்துக்கும் பெயருக்கும் கொடுக்கிற ராயல்டி தனி. உள்நாட்டு விற்பனைக்கு 5 சதவீதம், ஏற்றுமதிக்கு 8 சதவீதம் என்று 2009 வரை உச்சவரம்பு இருந்தது. அதற்கு மேல் கொடுக்க அரசு அனுமதி வேண்டும். இப்போது வரம்பு இல்லை.

உள்ளூர்க் கூட்டாளி 'உதிரியை இங்கேயே செய்' என்று நச்சரிப்பதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. 1997-ல் அரசு, கிட் இறக்குமதி செய்யும் கம்பெனிகளிடம் மூன்றாம் வருஷத்துக்குள் 50 சதவீதம், ஐந்தாம் வருஷத்துக்குள் 70 சதவீதம் உள்ளூர் உதிரி வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியது. உலக வர்த்தக அமைப்பில் வழக்காகி 2001-ல் அது போயிற்று. அந்த நாலு வருஷத்தில் சென்னையைச் சுற்றி முளைத்த வெண்டர்கள், அதாவது உதிரி செய்து கொடுப்பவர்கள், போகவில்லை.

உள்ளூர்மயம் என்று சொல்வது சுலபம், பட்டறையில்தான் அதன் பாடு தெரியும். முதல் சிக்கல் டிராயிங் கைக்கு வந்த அன்றே. நம் ஐ.டி.ஐ.களில் சொல்லிக்கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே இருக்கும், வலப்பக்கத் தோற்றம் இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பியக் கம்பெனி டிராயிங்கும் பெரும்பாலும் அப்படியே. ஜப்பான், அமெரிக்க டிராயிங் தேர்ட் ஆங்கிள். அதில் மேல்தோற்றம் மேலேயே, வலப்பக்கம் வலத்திலேயே. கூட்டுக் கம்பெனியில் இரண்டும் கலந்து வரும். டிராயிங்கின் மூலையில் விவரம் எழுதிய கட்டம் டைட்டில் பிளாக். அதன் ஓரத்தில் தலை வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும் சின்னதாக இருக்கும். எந்த ஆங்கிள் என்று சொல்கிற குறி அதுதான். அதைப் பார்க்காமல் போனால் எல் வடிவ பிராக்கெட்டில் ஓட்டை எதிர்ப்பக்கம் விழும். அளவு எல்லாம் மைக்ரான் சுத்தமாக இருக்கும், ஆனால் இடது கைப் பீஸ் வேண்டிய இடத்தில் வலது கைப் பீஸ். ஒரு லாட் மொத்தமும் ஸ்கிராப்.

அடுத்தது பி.பி.ஏ.பி. எனப்படும் உதிரி ஒப்புதல். தனியாக வேறு பேச்சு இல்லையென்றால் 300 பீஸ் தொடர்ச்சியாக ஓட்ட வேண்டும். உற்பத்தி டையில், உற்பத்தி வேகத்தில், வழக்கமாக அந்த மெஷினில் நிற்கிற ஆளை வைத்தே ஓட்ட வேண்டும். அளவு வரம்புக்குள் எவ்வளவு சீராக நிற்கிறது என்று காட்டும் எண் சி.பி.கே. முக்கிய அளவுகளுக்கு அது 1.67-க்குக் குறையக் கூடாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கைதேர்ந்த டர்னரை நிறுத்திப் பொறுமையாக ஐந்து சாம்பிள் செய்து அனுப்பி 'ஓகே' வாங்கிவிடுவார்கள். மாச ஷெட்யூல் 8,000 பீஸ் வந்ததும் அளவு அலையத் தொடங்கும். ரிஜெக்‌ஷன், லைன் நின்றதற்கு நம் பணத்தில் பிடித்தம் என்று டெபிட் நோட், பிறகு ஆர்டர் வேறு ஊருக்கு. தகட்டை மாற்றினாலும், டையை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றினாலும் தகவல் சொல்லித் திரும்ப ஒப்புதல் வாங்க வேண்டும். சொல்லாமல் செய்தது பிறகு தெரிந்தால் நம்பிக்கை போகும், அதை மீட்க வருஷக்கணக்காகும்.

டிராயிங் யார் கையில் என்பதற்கு லோகன் காரைச் சொல்லலாம். மஹிந்திராவும் ரெனோவும் 51-க்கு 49 கூட்டு. டிராயிங் ரெனோவுடையது. 2007-ல் கார் வந்தது. அதற்கு முந்தின வருஷ பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைந்திருந்தது. லோகன் 4 மீட்டரைவிட ஏறக்குறைய கால் மீட்டர் நீளம். வரிச்சலுகை கிடைக்கவில்லை, விலை ஏறியது, விற்பனை படுத்தது. 2010-ல் ரெனோவின் பங்கை மஹிந்திரா வாங்கியது, 2011-ல் பெயர் வெரிட்டோ ஆயிற்று. வாலை வெட்டி 4 மீட்டருக்குள் அடக்கிய வெரிட்டோ வைப் வந்தது 2013-ல்தான். கூட்டாக இருந்த வரையில் வராத குட்டைக் கார், பிரிந்த பிறகு வந்தது.

அசோக் லேலண்டும் நிசானும் வேறு விதமாக முயன்றன. வண்டி தயாரிப்புக்கு ஒரு கம்பெனி, அதில் லேலண்டுக்கு 51. எஞ்சினுக்கு ஒரு கம்பெனி, அதில் நிசானுக்கு 51. தொழில்நுட்பத்துக்கு மூன்றாவது, அதில் பாதிப் பாதி. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே வண்டியை மூன்று போர்டுகள் சேர்ந்து ஓட்டினால் வழக்கு வராமல் என்ன செய்யும்? 2016-ல் மூன்றையும் லேலண்டே எடுத்துக்கொண்டது. 2011-ல் வந்த தோஸ்த் என்ற சிறு சரக்கு வண்டி மட்டும் நிலைத்தது. இன்றும் வேலூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிற வண்டிகளில் அதைப் பார்க்கலாம்.

டொயோட்டாவும் சுஸுகியும் இப்போது செய்வது எனக்குக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகப் படுகிறது. பொதுக் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்காமல் காரையே மாற்றிக்கொள்கிறார்கள். பலேனோ 2019-ல் கிளான்சாவாக டொயோட்டா ஷோரூமுக்குப் போனது. மாருதியின் கிராண்ட் விட்டாராவை 2022 முதல் பெங்களூரு பக்கத்துப் பிடதியில் டொயோட்டா ஆலை செய்து கொடுத்தது. இப்படிச் செய்தால், பிரிய நேர்ந்தாலும் பங்குபோட ஆலை இல்லை.

முறிவு எப்படி வரும் என்பதற்கு மஹிந்திரா-ஃபோர்டு. 2019 அக்டோபரில் கூட்டு அறிவித்தார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த கடைசித் தேதி 2020 டிசம்பர் 31. அன்றோடு கைவிட்டார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு சொன்னது. 2022-ல் மறைமலைநகர் லைன் நின்றது.

இந்த மாதிரி நேரத்தில் சிறு வெண்டருக்கு என்ன ஆகும்? டை செலவு 40 லட்சம், 2 லட்சம் பீஸில் கழித்துக்கொள்ளலாம் என்று பேசியிருப்பார்கள். பீஸுக்கு 20 ரூபாய். 60,000 பீஸில் மாடல் நின்றால் வந்தது 12 லட்சம், மீதி 28 லட்சம் மாட்டிக்கொள்ளும். அதனால் டைக்குத் தனி பர்ச்சேஸ் ஆர்டர் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், இத்தனை பீஸுக்கு முன்னால் மாடல் நின்றால் மீதியை யார் கொடுப்பது என்று ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள். டை அவர்களுடையது என்றால் அவர்கள் பெயர்த்தகடு அதில் இருக்கட்டும். நாளைக்குப் பேங்க்காரர் உங்கள் சொத்து என்று சீல் வைக்கிற தொல்லை அதனால் குறையும். மூன்று மாத ஷெட்யூலில் முதல் மாதம் மட்டும் உறுதி, மற்ற இரண்டும் உத்தேசம் என்பதுதான் வழக்கம். உத்தேசத்தை நம்பி மூன்று மாதத் தகட்டை வாங்கிப் போட்டால் அந்தச் சரக்கு உங்கள் தலையில். சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் பணம் 45 நாளைக்குள் வர வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணை இன்வாய்ஸிலேயே அச்சடித்துவிடுங்கள்.

மாடல் நின்ற பிறகும் ஸ்பேர் கொடுக்கச் சொல்வார்கள். மாதம் 8,000 ஓடின பீஸ் 300-க்கு வந்துவிடும். டை ஏற்றி இறக்க 2 மணி நேரம் என்றால், அந்தச் செலவு 8,000 பீஸில் கண்ணுக்கே தெரியாது, 300 பீஸில் உறைக்கும். ஸ்பேருக்கு வேறு விலை என்பதை முதல் ஆர்டர் பேசும்போதே பேசிவிடுங்கள். லைன் நின்ற பிறகு போனால், பேசுவதற்கு அந்தப் பர்ச்சேஸ் ஆபீசர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

நன்றி, வணக்கம்.