மனசு அசைபோடும்போது: மனச்சோர்வு திரும்பாமலிருக்க 3 நிமிடப் பயிற்சி

(திரையில்: அசைபோடும் மாடு)

மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கும். மனசு அசைபோட்டால் எதுவும் செரிக்காது. 'எல்லாம் என் தப்புதான்' என்று ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வரும். மனச்சோர்விலிருந்து மீண்டவருக்குச் சின்ன வருத்தம் வந்தால்கூட இந்தச் சுழல் மறுபடி கிளம்பலாம். மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சிக்கு வேலை அங்கேதான்.

இதற்கென்றே ஜிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் உருவாக்கியது எம்பிசிடி: மைண்ட்ஃபுல்னெஸையும் எண்ணங்களைக் கையாளும் சிகிச்சையையும் சேர்த்த பயிற்சி. 8 வாரம், வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் பயிற்சி. 2000-ல் வெளிவந்த ஆய்வில், 3 தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்திருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 66 சதவீதம் பேருக்கு அது திரும்பியது. பயிற்சியும் எடுத்தவர்களில் 37 சதவீதம். 2 தடவை மட்டும் வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 'தியானம் பண்ணு, சரியாயிடும்' என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

(திரையில்: நாற்காலி, கடிகாரம்)

எம்பிசிடியில் உள்ள 3 நிமிடப் பயிற்சி இது. முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்காருங்கள். முதல் நிமிடம், என்ன நினைப்பு, என்ன உணர்ச்சி, உடம்பில் எங்கே இறுக்கம் என்று பாருங்கள். மாற்ற வேண்டாம். 'நான் உதவாக்கரை' என்று தோன்றினால், 'நான் உதவாக்கரை என்றொரு நினைப்பு வந்திருக்கிறது' என்று சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டாம் நிமிடம், அடிவயிறு ஏறி இறங்குவதில் மட்டும் கவனம். மூன்றாம் நிமிடம், அந்தக் கவனத்தை முகம், தோள், முழு உடம்புக்கும் விரியுங்கள்.

பலரும் தவறுவது, மனசைக் காலியாக்கப் பார்ப்பதில். அது காலியாகாது, ஆகவில்லையே என்று இன்னொரு குற்ற உணர்ச்சிதான் சேரும். மனசு 20 தடவை ஓடினால் 20 தடவை கூட்டி வருவதுதான் பயிற்சி.

நோய் கடுமையாக இருக்கும்போது கண்ணை மூடினால் சுழல் கூடலாம். அப்போது உட்காராதீர்கள், பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி மெல்ல நடங்கள். பழைய அதிர்ச்சிகள் மேலெழுந்தால் நிறுத்திவிட்டு சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

(திரையில்: அகல்விளக்கு)

கோயிலோ, தொழுகையோ, ஜெபமோ தெம்பு தந்தால் விடாதீர்கள். ஆனால் 'முன்ஜென்மப் பாவம்', 'கடவுள் தண்டிக்கிறார்' என்ற எண்ணம் பக்தி வேஷம் போட்ட அதே அசைபோடல்தான். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். லித்தியம் என்ற மனநல மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் விரதமோ நோன்போ இருக்கக் கூடாது: உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறலாம். எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தாதீர்கள்.

செத்துவிடலாம் என்று தோன்றினால் மூச்சைக் கவனிக்க உட்காராதீர்கள். இந்தியாவில் 14416-ஐ அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.