தீத்தடுப்பு உடைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து: உங்கள் பனியன்

[காட்சி: மேசை மேல் மெழுகுவர்த்தி, இடுக்கி, மூன்று நூல்கள்]

வணக்கம். முதலில் பருத்தி நூலைச் சுடரில் காட்டுகிறேன். எரிந்து, ஊதினால் பறந்துவிடும் சாம்பலாகிறது. அடுத்தது பாலியஸ்டர்: சுருண்டு, உருகி, நுனியில் கறுத்த மணியாகத் திரள்கிறது. அந்த மணி ஆறுவதற்குள் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் விழாது. மூன்றாவது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களின் உடையில் இருக்கும் நோமெக்ஸ்: கருகுகிறது, ஆனால் உருகவில்லை, சுடரை விலக்கியதும் தானே அணைந்துவிடுகிறது.

டூபான்ட் நிறுவனம் 1960-களில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வரலாறு இவ்வளவு போதும்; எனக்குப் பிடித்த கணக்குக்கு வருவோம்.

ஒரு துணி தொடர்ந்து எரிய, காற்றில் குறைந்தது எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்று ஆய்வகத்தில் அளக்கிறார்கள். பருத்திக்கு ஏறத்தாழ 18 போதும். நோமெக்ஸுக்கோ 28 வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் இருப்பது 21 மட்டுமே என்பதால், பருத்தி தாராளமாக எரிகிறது, நோமெக்ஸ் மூச்சுத் திணறி அணைகிறது. கம்பளிக்கு 25. எந்த ஆய்வகத்தின் துணையும் இல்லாமல் ஆடு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் தீ பற்றாமல் இருப்பது வேறு, சூட்டை மறிப்பது வேறு. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ-வின் 2112 தரத்தின்படி, உணரிகள் பதித்த பொம்மைக்கு உடையை அணிவித்து 3 விநாடி தீக்குள் நிறுத்துகிறார்கள்; உடலில் பாதிக்கு மேல் தீக்காயம் ஏற்படும் என்று கணக்கு காட்டினால்தான் உடை தோற்கும். பாதி வெந்தாலும் தேர்ச்சி! முப்பத்தைந்து எடுத்துப் பாஸான நாம் சிரிக்கலாம். ஆனால் தப்பி ஓடச் சில விநாடிகளைத் தருவதே அந்த உடையின் வேலை.

இப்போது பனியனுக்கு வருவோம். மேலே விலையுயர்ந்த தீத்தடுப்புச் சட்டை, உள்ளே வியர்வை உறிஞ்சும் என்று வாங்கிய பாலியஸ்டர் விளையாட்டு பனியன். சட்டை பற்றாமலேயே சூடு உள்ளே இறங்கும். சுமார் 260 டிகிரி செல்சியஸில் பனியன் உருகி, நான் காட்டிய அந்தக் கறுத்த மணி உங்கள் முதுகில் உருவாகும். மின்பொறி தாக்கக்கூடிய வேலைகளில் பாலியஸ்டர், நைலான் துணிகளுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1994-இலேயே தடை போட்டது இதனால்தான்.

வேலைக்குக் கிளம்பும் முன் பனியனின் கழுத்துப் பட்டியில் உள்ள லேபிளைப் படித்து, அதில் கண்டதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். சோதனைச் சாலைப் பொம்மைக்குக்கூட உள்ளே அணிவிப்பது முழுப் பருத்திப் பனியனைத்தான்.