கான்வி கோட்டைக்குப் பிள்ளைகளோடு

அவையோருக்கு வணக்கம்.

கோட்டை என்றதும் நம் மனத்தில் எழுவது மலையும் மதிலும் படையும்தான். தமிழில் அந்த ஒரு சொல்லே எல்லாவற்றையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் ஃபோர்ட் என்பது வேறு, காசில் என்பது வேறு. காசில் என்பது அரண் மட்டுமன்று. அரசனோ பிரபுவோ தன் ஆட்களோடு தங்கிய வீடும் அதுவே. சமையலறை, ரொட்டி சுடும் அடுப்பு, வழிபாட்டு அறை, படுக்கையறை, கழிப்பறை எல்லாம் மதிலுக்குள்ளேயே இருக்கும். போர், அரசன், ஆண்டு என்று நீங்கள் தொடங்கினால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்தாவது நிமிடம் பசிக்கும். "இங்கே யார் எங்கே தூங்கினார்கள்? எங்கே ஒன்றுக்குப் போனார்கள்?" என்று தொடங்கிப் பாருங்கள்.

பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். ஆகவே ஒரே ஒரு கோட்டையை எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸ் நாட்டின் வடகரையில், கான்வி ஆறு கடலில் சேரும் முகத்தில், ஒரு நீண்ட பாறைமேல் நிற்கிறது கான்வி கோட்டை. இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு வேல்ஸை வென்ற கையோடு 1283-இல் வேலையைத் தொடங்கினான். சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற தலைமைக் கொத்தனாரின் பொறுப்பில், நான்கைந்து ஆண்டுகளில் கோட்டையும் ஊர்மதிலும் எழுந்தன. செலவு ஏறக்குறைய 15,000 பவுண்டு; அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. எட்டுப் பெரிய கோபுரங்கள், இரண்டு முற்றங்கள். 1986-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பிள்ளைகளோடு போக இதை நான் சொல்வதற்குக் காரணம் அளவு. எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கிறது. ஒரு முற்றத்திலிருந்து மற்றதற்கு அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டே நடந்துவிடலாம்.

முதலில் படிக்கட்டு. பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். கோபுரத்துக்குள் ஏறுவது சுழற்படிகளில். ஒவ்வொரு படியும் ஆப்பு வடிவம்: வெளிச்சுவர் பக்கம் அகலம், நடுத்தூண் பக்கம் விரல் அகலத்துக்குக் குறுகிவிடும். பிள்ளையின் கை எதைப் பிடிக்கும்? எட்டுவது நடுத்தூண்தான், அதைத்தான் பிடிக்கும். கை தூணில் இருந்தால் கால் படியின் மிகக் குறுகலான முனையில் விழும், சறுக்கும். சறுக்கல் இப்படித்தான் நடக்கிறது. எனவே கீழே நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்: "கை வெளிச்சுவரில், கால் அகலப் பக்கத்தில்." கயிறோ கம்பியோ இருந்தாலும் அது பெரியவர் தோளுக்குக் கணக்கிட்டது, மூன்று வயதுக்காரருக்குத் தலைக்கு மேலே போய்விடும்.

ஏறும்போது பெரியவர் பின்னால், இறங்கும்போது பெரியவர் முன்னால். எப்போதும் நீங்கள் பிள்ளைக்குக் கீழ்ப்படியில் இருக்க வேண்டும். இரண்டு பெரியவர் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் நடுவில். ஒருவர் மட்டும் இருந்து பிள்ளைகள் இருவர் என்றால், ஐந்து வயதுக்குக் கீழே ஒருவராவது இருக்கும் பட்சத்தில் கோபுரம் வேண்டாம். இது கடுமையாகப் படலாம், ஆனால் கோபுரம் 20 மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. நடுவழியில் ஒரு பிள்ளை உட்கார்ந்து அழ, இன்னொன்று மேலே ஓட, எதிரே ஆட்கள் இறங்கிவர, அப்போது உங்களிடம் இருப்பது இரண்டே கைகள். சின்னக் கால்கள் இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோலப் பின்புறமாக இறங்கட்டும். வேகம் குறையும், பயமும் குறையும். படியில் கால் வைக்கும் முன் ஒரு குரல் கொடுங்கள். மேலிருந்து பதில் வந்தால் அவர்கள் இறங்கி முடிக்கும்வரை நில்லுங்கள். மழை பெய்த நாளில் தேய்ந்த கற்படி வழுக்கும். தட்டை அடி வைத்த விழாச் செருப்பு இங்கே ஆகாது.

தள்ளுவண்டியை முற்றத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். தரை மேடும் பள்ளமுமாக இருப்பதால் முற்றத்திலேயே அது இழுபறி. கைக்குழந்தையை மார்போடு கட்டும் துணிப்பை நல்லது. முதுகில் சட்டம் வைத்துத் தூக்கும் பெரிய பை ஆபத்து: நீங்கள் வாசலில் குனிந்து நுழைவீர்கள், உங்கள் தலைக்கு மேலே இருக்கும் குழந்தையின் தலை நிலைக்கல்லில் முட்டும். மதில்மேல் பிள்ளையைத் தோளில் ஏற்றவே கூடாது. ஞாயில் என்ற பழஞ்சொல் நமக்கு உண்டு. மதிலில் மறைந்து நின்று அம்பெய்யும் இடம். அங்கே மதிலில் ஏற்றமும் இறக்கமுமாகப் பல்வரிசைபோல இருக்கும் அல்லவா, அந்த இறக்கத்தில் படம் எடுக்கப் பிள்ளையை உட்கார வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கடற்காற்று அங்கே தள்ளிவிடும் வேகத்தில் வீசும். காற்று மிஞ்சும் நாளில் மேல்தளங்களை மூடிவிடுவதும் உண்டு. ஆகவே "மேலே ஏறுவோம்" என்று காரிலேயே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உள்ளே என்ன பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். ஒன்றரை மணி நேரம், நான்கு நிறுத்தம், ஒரே ஒரு கோபுரம். அவ்வளவுதான்.

வாசலில் ஆரம்பியுங்கள். இருபக்கச் சுவரிலும் மேலிருந்து கீழாக ஒரு வெட்டு ஓடும். இரும்புப் பூண் போட்ட கிராதிக் கதவு மேலிருந்து இறங்கிய தடம் அது. பிள்ளை தன் கையை அந்தத் தடத்துக்குள் விட்டுப் பார்க்கட்டும். நூறு வாக்கியம் சொல்லாததை அந்தக் கை சொல்லும். மேற்கு வாசலின் உச்சியில் சுவர் முன்னால் துருத்தி நிற்பதைக் காட்டுங்கள். அதன் அடியில் இருக்கும் துவாரங்கள் வழியாகக் கீழே நிற்பவன் தலையில் கல் போடலாம். இப்படித் துவாரத்தோடு துருத்தும் அமைப்புகளில், பிரிட்டனில் கல்லால் கட்டி எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவை இவை. கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள் என்று பிள்ளை கேட்கும். எண்ணெய் அன்று விலையுயர்ந்த பொருள், கல்லும் சுடுநீரும் சும்மா கிடைத்தன என்று சொல்லுங்கள். சுழற்படி வலப்பக்கம் சுழல்வது வாள்சண்டைக்காக என்று வழிகாட்டிகள் சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டாம். அதற்கு இடைக்கால ஆவணச் சான்று இல்லை. எதிர்த்திசையில் சுழலும் படிகளும் அக்காலக் கோட்டைகளில் இருக்கின்றன.

அடுத்தது கிணறு. வெளிமுற்றத்தின் கடைசியில், உள்முற்றத்து வாசலுக்கு முன், பாறையைக் குடைந்து 28 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். கோபுரம் நிற்கும் 20 மீட்டரைவிட இது ஆழம் என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். மூடியிருக்கும் கம்பி வழியே பார்க்கலாம். கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம், அது மட்டும் என் வேண்டுகோள்.

பெரிய கூடம் 38 மீட்டர் நீளம். பாறை வளைகிற இடத்தில் கட்டடமும் வளைகிறது. கூரை இல்லை, தளமும் இல்லை. 1665-இல் ஈயத்தையும் இரும்பையும் உரித்து எடுத்துப் போய்விட்டார்கள்; கூரை போனபின் மரம் மழையில் மக்கியது. இங்கே பிள்ளைகளுக்கு அருமையான ஒரு புதிர் காத்திருக்கிறது. கோபுரங்களுக்குள் எட்டிப் பார்த்தால் அந்தரத்தில் ஒரு கணப்படுப்பு தொங்கும். "அங்கே எப்படி ஏறி நெருப்பு மூட்டினார்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சுவரில் வரிசையாக இருக்கும் சதுரக் குழிகளை அவர்களே கண்டுபிடிப்பார்கள். உத்தரக்கட்டை செருகிய குழிகள் அவை. தளம் இருந்த மட்டம் அதுதான். வெளியே வந்தால் கோபுரத்தைச் சுற்றித் திருகுபோல் ஏறும் வேறு குழிகள் தெரியும். அவை சாரம் கட்டியவை. கல்லைச் சரிவான சாரப்பாதையில் மேலே ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு வகைக் குழியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கட்டடக்கலை பாதி வந்துவிட்டது.

அம்புத்துளையில் ஒரு சோதனை செய்யலாம். மூன்று அடி பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கீற்று வானம் தெரியும். உள்ளே விரிந்திருக்கும் மாடத்துக்குள் நுழைந்து, கண்ணைத் துளையோடு ஒட்டி, இடமும் வலமும் திரும்பச் சொல்லுங்கள்; ஆறு முழுக்கத் தெரியும். இவ்வளவு பெரிய கோட்டையைக் காக்க அரசன் வைத்த ஆட்கள் 30 பேர்தான், அதில் 15 பேர் குறுக்குவில்லாளர். ஏன் அது போதுமானது என்பது அந்தத் துளையிலேயே விளங்கும். ஆனால் 1401-இல், பெரிய வெள்ளியன்று, காவலர்கள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், தச்சர் வேடத்தில் வந்தவர்களிடம் கோட்டை பறிபோயிற்று. ஏழு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இதைவிடச் சுவையான கதை கிடைக்காது.

கழிப்பறையைச் சொல்ல மறந்தால் பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள். கோட்டைக்குள் சில உண்டு; ஆனால் வெளியே ஊர்மதிலில், தென்பக்கத்தில், 12 கழிப்பறைகள் ஒரே வரிசையில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கீழேயிருந்து எண்ணலாம். எந்த வயதுக்கும் ஏற்ற காட்சி. இன்றைய கழிப்பறைக்கு மட்டும் கோட்டைக்குள் நுழையும் முன்பே போய்விடுங்கள்; கோபுர உச்சியில் அவசரம் வந்தால் அத்தனை படியும் இறங்கியாக வேண்டும். ஊர்மதில் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரம். நடக்க அழகானது, ஆனால் சின்னவர்களோடு கோட்டையும் மதிலும் ஒரே நாளில் பேராசை.

சாப்பாட்டைக் கோட்டைக்குப் பிறகு வையுங்கள். துறைமுகக் கரையில் உட்காரலாம், ஆனால் கடற்காகங்கள் கையிலிருப்பதைக் கொத்திக்கொண்டு போகும். சாப்பிடுகிற பிள்ளையைச் சுவரோரம் உட்கார வைத்துப் பெரியவர் வெளிப்பக்கம் இருங்கள். அங்கேயே சிவப்பு வண்ணத்தில் பிரிட்டனின் மிகச் சிறிய வீடு இருக்கிறது: அகலம் 1.8 மீட்டர், உயரம் 3 மீட்டர் சொச்சம். கோட்டையைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்ப்பது தனிச் சுகம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒன்று. கான்வி நிலையம் ஊர்மதிலுக்குள்ளேயே இருக்கிறது, மிகச் சிறியது. ஓட்டுநரைப் பார்த்துக் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். வரும்போது இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். திரும்பும்போது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வைத்து, கை காட்டும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.