வகுப்பறையில் ஒரு கிராம சபை

(திரையில்: கரும்பலகை. "கிராம சபை பற்றி எழுதுக. 5 மதிப்பெண்")

இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தன் ஊர்க் கிராம சபையை ஒருமுறைகூடப் பார்க்காமலே 18 வயதைத் தாண்டிவிட முடியும். அரசியல் தெரியாத பிள்ளை என்று சொல்லிவிடாதீர்கள். எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போடும் என்பது பத்து வயதிலேயே அத்துப்படி. அது வீடும் தெருவும் கொடுத்த அரசியல். தானே யோசித்து ஒரு பக்கம் நிற்கப் பழக வேண்டும். அதற்கு மாதிரி கிராம சபை நல்ல களம்.

(திரையில்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1)

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் ஆறு நாட்கள் இவை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேராவது வர வேண்டும்; 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வகுப்பிலும் இப்படி ஓர் எண்ணிக்கை வையுங்கள். ஆள் சேராவிட்டால் கூட்டமே செல்லாது என்றால், சும்மா வந்து உட்காருவதற்கும் மதிப்பு உண்டு என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

40 பேர் வகுப்பு என்றால் தலைவர் ஒருவர், ஊராட்சிச் செயலர் ஒருவர், வார்டு உறுப்பினர்கள் 6 பேர். மீதி 32 பேர் நான்கு குழு: மேட்டுத்தெரு, காலனி, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், கிணற்றுப் பாசன விவசாயிகள். ஊர் கற்பனை ஊராகவே இருக்கட்டும். வரைபடம் போட்டு ஒட்டுங்கள். விவாதப் பொருள் ஒன்றே ஒன்று: 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி எங்கே வர வேண்டும்?

பொறுப்புகளைக் குலுக்கிப் போடுங்கள். இல்லையென்றால் நன்றாகப் பேசுகிற பையன் தலைவர், கையெழுத்து அழகாக உள்ள பெண் செயலர் என்று ஆண்டுக்கு ஆண்டு அதுவே நடக்கும். காலனியிலிருந்து வரும் பிள்ளையைக் காலனிக்காகப் பேசச் சொல்லி நிறுத்தவே கூடாது. வீட்டுக் கஷ்டம் வகுப்புக்கு வேடிக்கையாகிவிடும்.

முதல் பாடவேளை வாதம். இரண்டாவதில் குழுக்களை இடம் மாற்றுங்கள்: நேற்று மேட்டுத்தெருவுக்காக வாதாடியவர் இன்று காலனிக்காக வாதாட வேண்டும். பிறகு ஓட்டு. அதன் பின் ஆளுக்கு ஐந்து வரி, தனியாக: நான் எந்தப் பக்கம், ஏன், எந்த வாதம் என்னை அசைத்தது? இந்த ஐந்து வரியில்தான் "எங்க தெரு" என்பது "என் கருத்து" ஆகத் தொடங்குகிறது. எந்தப் பக்கம் என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

பெரும்பாலும் சறுக்குவது தீர்மானத்தில். "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் நாளை யாரையும் கேள்வி கேட்க முடியாது. எந்த இடம், எத்தனை லிட்டர், எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். எதிர்த்தவர்கள் எண்ணிக்கையும் பதிவாக வேண்டும்.

அடுத்த சறுக்கல் ஆசிரியர். 1976-ல் ஜெர்மனியின் பாய்டெல்ஸ்பாக் ஊரில் அரசியல் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து சில விதிகள் பிறந்தன. ஒன்று, ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணிக்கக் கூடாது. இன்னொன்று, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வம்பு வேண்டாம் என்று தண்ணீர்ப் பிரச்சினையைக்கூட மரம் நடுவிழாவாக்கிவிடுகிறார்கள்.

அடுத்த உண்மையான சபைக்கு நோட்டோடு போகச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே உறுப்பினர்கள். பிள்ளைகள் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். தீர்மான நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். 17 முடிந்தவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்கலாம்.