மூச்சு முட்டுகிறதே, இழுப்பா பதற்றமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்துமா உள்ளவர்களிடம் மனப்பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் மருத்துவரிடம் போனால் நெஞ்சைப் பற்றியே பேசிவிட்டு வந்துவிடுகிறோம்.

திடீரென்று நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வாங்குகிறது. இது இழுப்பா, பதற்றமா? இருமலும், மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தமும் வந்தால் பெரும்பாலும் இழுப்பு. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதத்து, தலை கிறுகிறுத்தால் பதற்றமாக இருக்கலாம். மளமளவென்று மூச்சு விடும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதுதான் அதற்குக் காரணம். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

அதனால் ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரின் முள்ளைக் கீழே இறக்கி, நின்றபடி மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கிப் பொருத்தி, ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நலமாக இருக்கும் நாளில் உங்கள் உச்ச அளவு 400 என்றால், 320-க்குக் கீழே போனாலே எச்சரிக்கை. 200-க்குக் கீழே என்றால் இன்ஹேலரைப் பயன்படுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீட்டர் இல்லையா, சந்தேகமா? இழுப்பு என்றே வைத்துக்கொண்டு, மருத்துவர் எழுதித் தந்தபடி இன்ஹேலரை எடுங்கள். பேச முடியாமல் திணறும்போது விசில் சத்தம் நின்றுபோனால், அது தேறியதன் அடையாளம் அல்ல. காற்றே போகவில்லை என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இழுப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரே கை நடுக்கமும் படபடப்பும் தரும். அதை நோய் முற்றுவதாக எண்ணிப் பயந்து, இன்னொரு முறை அழுத்துவார்கள். படபடப்பு இன்னும் கூடும். அளந்து பார்க்கும் பழக்கம் இந்தச் சுழலை உடைக்கும்.

மனச்சோர்வு வேறு வழியில் வருகிறது. எதிலும் பிடிப்பில்லாதபோது, தினமும் எடுக்கவேண்டிய தடுப்பு இன்ஹேலர்தான் முதலில் விட்டுப்போகும். சில வாரங்களில் இரவு இருமல் திரும்பும், தூக்கம் கெடும், சோர்வு இன்னும் ஆழமாகும். அப்படிப்பட்டவரைச் சோம்பேறி என்று வீட்டார் திட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். பதற்றத்துக்குத் தரப்படும் புரோப்ரனலால், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். வேறொருவருடைய மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், தற்கொலை எண்ணம்வரை தரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்காகக் கடும் எச்சரிக்கை விடுத்தது. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் தூக்கத்தையும் மனநிலையையும் மாற்றும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் துவண்டிருந்தால், அடுத்த முறை இன்ஹேலர் சீட்டோடு அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனையும் மூச்சுப் பயிற்சியும் பலருக்கு நன்றாக உதவுகின்றன; ஆஸ்துமாவுக்கு ஒத்துவரும் மனச்சோர்வு மருந்துகளும் இருக்கின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றைக்கே ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நன்றி, வணக்கம்.