பாலாற்று ஊற்றும் பழைய கம்ப்யூட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். நான் காட்பாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வானொலியில் பேசக் கூப்பிட்டதும், எதைப் பேசுவது என்று இரண்டு நாள் குழம்பினேன். அப்புறம் கடைக்கு வந்த ஒரு கம்ப்யூட்டர் ஞாபகத்துக்கு வந்தது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மகள் கல்யாணப் போட்டோக்களை வீட்டில் யாரோ கைதவறி அழித்துவிட்டார்கள், எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். கல்யாணப் போட்டோ வந்தது. கூடவே ஆதார் அட்டை நகல்கள், ரேஷன் கார்டுகள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள், ஒரு கிரயப் பத்திரத்தின் வரைவு, யாரோ ஒரு அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வரிசையாக வந்தன. "இன்னாண்ணா இது, யார் யாரோ வராங்க?" என்றார் அவர்.

அந்தப் பெட்டி முன்பு ஏதோ ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடையில் இருந்திருக்க வேண்டும். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. கோப்புகளை டெலிட் செய்து, புது விண்டோஸும் போட்டுத்தான் கொடுத்திருந்தார்.

பிறகு எப்படி வந்தது? நம்முடைய பாலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் வெறும் மணல். தோண்டினால் ஊற்று. (இப்போதெல்லாம் ரொம்ப ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.) ஹார்ட் டிஸ்க்கும் அதே ஜாதிதான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. நாம் டெலிட் கொடுத்தால் அந்தப் பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவே. அந்த இடத்தின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை பழையது அப்படியே கிடக்கும். குவிக் ஃபார்மட் செய்தாலும் பதிவேடுதான் புதிதாகிறது, சரக்கு மாறுவதில்லை.

இது நம்ம ஊர் அலட்சியம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கி ஆராய்ந்து, 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்தில் இருந்ததாம்.

"என் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, யார் எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு உரிய அம்மா கம்ப்யூட்டர் எதையும் விற்கவில்லை. ஒரு நகல் எடுக்கக் கடைக்குப் போனார், அது மட்டும்தான் அவர் செய்தது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள், டியூஷன் எடுப்பவர்கள், ஆடிட்டர்கள், பத்திரம் எழுதுபவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டிஸ்க்கில் இருப்பதில் பாதிக்கு மேல் உங்களுடையது இல்லை.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் விற்கிற கூட்டம் அதிகம். விற்பதற்கு முன் வேண்டியதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். வாட்ஸ்அப், ஈமெயில் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிடுங்கள்.

விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி, அதில் 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்'. நிறையப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று ஒன்று சின்னதாக இருக்கும். அதற்குள் போய் 'கிளீன் டேட்டா'வை நீங்களாக ஆன் செய்ய வேண்டும். அதுதான் பழையதன் மேல் வேறு எழுதித் துடைக்கும். எல்லா டிரைவிலிருந்தும் அழிக்கச் சொல்லும் பொத்தானையும் பாருங்கள். நம்ம ஆட்கள் போட்டோ, டேலி கணக்கு எல்லாவற்றையும் டி டிரைவில்தான் போட்டு வைப்பார்கள். சி மட்டும் சுத்தமாகி, டி அப்படியே கைமாறினால் என்ன பிரயோஜனம்?

வேலை முடிய நேரம் ஆகும். 500 ஜிபி டிஸ்க்கில் வினாடிக்கு 100 எம்பி எழுதினாலே 5000 வினாடி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. பழைய டிஸ்க் இன்னும் மெதுவாக ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

விண்டோஸ் 7 பெட்டி என்றால் டிபேன் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரை ஆரம்பித்துத் துடைக்கலாம். அந்த நேரத்தில் பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். 35 முறை மேலே மேலே எழுதினால்தான் அழியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுசாக எழுதினால் போதும்.

சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி கதை வேறு. சில்லுகள் சீக்கிரம் தேயாமல் இருக்க, நீங்கள் எழுதச் சொல்வதை அது தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி எழுதும். ஆகவே மேலே எழுதி அழிக்கும் வேலை அதனிடம் பலிக்காது. எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ, கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது திறக்கிற பயாஸ் என்ற அமைப்புத் திரையிலோ இருக்கும் 'செக்யூர் இரேஸ்' கட்டளையைக் கொடுங்கள். வாங்கிய நாளிலேயே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டைப் போட்டு வைத்திருந்தால் இன்னும் நிம்மதி. சாவி இல்லாதவனுக்கு உள்ளே இருப்பது வெறும் கிறுக்கல்.

ஓடவே ஓடாத டிஸ்க் என்றால் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். பிறகு டிரில் போட்டு உள்ளே இருக்கும் தட்டுகளைத் துளைக்கலாம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பல நேரம் கண்ணாடி, சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்த பிறகு ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய படம் ஒன்றுகூட வரவில்லை என்றால் அப்புறம் விலை பேசலாம்.

அந்தக் குடியாத்தத்துக்காரரின் கல்யாணப் போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். டிஸ்க்கை அவர் சம்மதத்தோடு ராத்திரி துடைக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் கடை திறந்தபோது வேலை முடிந்து திரை காத்துக்கொண்டிருந்தது. மீட்பு மென்பொருளை ஓட்டினேன். ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை.

வணக்கம்.